எங்கள் அயலில் ஒரு ரிங்க்: ரொறன்ரோவில் ஸ்கேட்டிங் பழகிய அனுபவம்

குளிர்காலத்தில் ரொறன்ரோவுக்கு விருந்தாளிகள் வந்தால் நாங்கள் எல்லோரும் அழைத்துப்போகும் இடம் நேத்தன் பிலிப்ஸ் சதுக்கம். வளைந்த இரு கோபுரங்களாக நிற்கும் நகர மண்டபம், அதன் முன்னே ஒளிரும் ஊர்ப்பெயர் எழுத்துகள், தலைக்குமேல் கொங்கிறீற் வளைவுகள், அவற்றின் கீழே ஐஸ் தளம். படம் எடுப்பதற்கு அதைவிட நல்ல இடம் இந்த நகரத்தில் இல்லை. ஆனால் முதன்முதலாக ஸ்கேட் மாட்டப்போகும் ஒருவருக்கு அந்த இடத்தை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். சனிக்கிழமைப் பின்னேரம் அங்கே விழுந்தவர் எழும்புவதற்குள் நாலுபேர் அவரைச் சுற்றி வளைந்து போய்விடுவார்கள். ஹொக்கித் தளங்களில் இருப்பதுபோலப் பிடித்துக்கொள்ள உயரமான பலகைத் தடுப்பும் அங்கே கிடையாது.

பழகுவதற்கு வேண்டியது வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ரிங்க், அதாவது ஸ்கேட்டிங் தளம். ரொறன்ரோ மாநகரசபை 50-க்கும் மேற்பட்ட திறந்தவெளிச் செயற்கை ஐஸ் தளங்களை நடத்துகிறது. நவம்பர் கடைசியில் திறந்தால் பெரும்பாலானவை மார்ச் நடுப்பகுதிவரை இருக்கும். கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை. எங்கள் வரிப்பணத்தில் இயங்கும் இந்த இடங்களுக்கு எங்கள் ஆட்கள் மிகக் குறைவாகவே போகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. இருபது, முப்பது வருடம் இந்த ஊரில் குளிரைத் திட்டியபடியே வாழ்ந்துவிட்டு, ஒருமுறையாவது ஐஸில் கால் வைக்காத பெரியவர்கள் நகரத்தின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் எத்தனையோ பேர். பிள்ளைகள் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பார்கள். அம்மாவும் அப்பாவும் கம்பிக்கு வெளியே அவர்களுடைய ஜக்கெற்றைப் பிடித்தபடி விறைத்துப்போய் நிற்பார்கள். நின்றால்தான் குளிரும், அசைந்தால் குளிராது. உள்ளே வாருங்கள் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

என்னை ஐஸுக்குக் கொண்டுவந்தது மகளின் பாடசாலைதான். இங்கே ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளைக் குளிர்காலத்தில் பக்கத்து அரங்குக்கு ஸ்கேட்டிங் அழைத்துப்போவது வழக்கம். ஹெல்மெட்டும் ஸ்கேட்டும் கொண்டுவர வேண்டும், ஸ்கேட்டின் கயிற்றைக் கட்டிவிடப் பெற்றோர் சிலர் உதவிக்கு வர முடியுமா என்று ஒரு கடிதம் வந்தது. போனேன். ஸ்கேட்டிங் தெரியுமுன்னே எனக்குத் தெரிந்தது கயிறு கட்டும் வித்தைதான், அதைக் கற்றுத்தந்தவர் அன்று உதவிக்கு வந்திருந்த ஒரு பிள்ளையின் பாட்டனார். விரல்களுக்கு மேலே கொஞ்சம் தளர்வு, கணுக்கால் வளையும் இடத்தில் முழு இறுக்கம், உச்சியில் மறுபடி சிறிது தளர்வு. இந்த மூன்றும் பிழைத்தால் மற்றதெல்லாம் பிழைக்கும். ஒவ்வொரு கொக்கியிலும் கயிற்றை இழுத்து, குதிக்காலை நிலத்தில் தட்டிப் பின்பக்கம் நன்றாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் முடிச்சுப் போடவேண்டும். கட்டி முடித்தபின் எழுந்து நின்றால் கணுக்கால் உள்பக்கம் சாயக்கூடாது. சாய்கிறது என்றால் ஒன்று கயிறு தளர்வு, அல்லது சப்பாத்து பெரிது. 'எனக்குக் கணுக்கால் பலமில்லை, இது சரிவராது' என்று கைவிட்டவர்கள் பலருக்கு உண்மையில் இருந்த குறை சப்பாத்தின் அளவுதான்.

அளவைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு எதையும் 'வளரும்தானே' என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவோம். ஸ்கேட்டில் அது ஆகாது. ஹொக்கி ஸ்கேட் பொதுவாக நடக்கும் சப்பாத்தைவிட ஒன்று அல்லது ஒன்றரை அளவு சிறியதாக இருக்கவேண்டும். கால்விரல் நுனி முன்சுவரை மெல்லத் தொடலாம், நசியக்கூடாது. குதிக்கால் அசையவே கூடாது. தடித்த கம்பளிக் காலுறை போட்டால் கதகதப்பாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் அது காலை நெரித்து இரத்த ஓட்டத்தைக் குறைத்து இன்னும் விறைக்கவைக்கும். ஒரேயொரு மெல்லிய காலுறை போதும். பெயர்பெற்ற ஒரு கடையில், இரண்டு காலுறை போட்டால் சரியாக இருக்கும் என்று சொல்லி எங்களுக்கு ஒரு சோடியைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். வாங்காமல் வெளியே வந்து, பாவித்த விளையாட்டுப் பொருள்கள் விற்கும் கடையில் அதன் மூன்றிலொரு விலைக்குச் சரியான அளவை எடுத்தோம். பிள்ளைகளின் கால் வருடத்துக்கு வருடம் வளர்வதால் அந்தக் கடைகளில் அதிகம் தேயாத ஸ்கேட்டுகள் எப்போதும் இருக்கும். பழையதை அங்கேயே கொடுத்து அடுத்த அளவை எடுக்கவும் முடியும்.

ஐஸ் ஹொக்கி ஆடுபவர்கள் போடும் ஹொக்கி ஸ்கேட்டா, ஐஸில் நடனம்போல் ஆடுபவர்கள் போடும் ஃபிகர் ஸ்கேட்டா என்று எல்லோரும் கேட்பார்கள். ஃபிகர் ஸ்கேட்டின் அலகு, அதாவது சப்பாத்தின் அடியில் இருக்கும் உலோகத் தகடு, நீளமானது, அதன் முன்நுனியில் பல் இருக்கும். நேராக நிற்பதற்கு அந்த நீளம் உதவும், ஆனால் நடப்பதுபோலக் காலை உதைத்தால் அந்தப் பல் ஐஸில் குத்தி முகங்குப்புற விழுத்திவிடும். ஹொக்கி ஸ்கேட்டின் அலகு முன்னும் பின்னும் வளைந்திருக்கும், திரும்புவது சுலபம், ஆனால் உடம்பைப் பின்னால் சாய்த்தால் வழுக்கும். வளர்ந்தவர்களுக்கு நான் ஹொக்கி ஸ்கேட்டைத்தான் சொல்வேன். பெண்கள் வெள்ளை நிற ஃபிகர் ஸ்கேட்டைத்தான் எடுக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பெட்டியிலிருந்து எடுத்த புது ஸ்கேட் பெரும்பாலும் கூராக இருக்காது. தீட்டியபின்தான் போடவேண்டும். அலகின் அடிப்பகுதி தட்டையானது அல்ல, நடுவில் ஒரு பள்ளம், இருபுறமும் இரு விளிம்புகள். அந்த விளிம்புகள்தான் ஐஸைப் பிடிக்கின்றன. தீட்டுகிறவர் 'எத்தனை?' என்று கேட்டால் அரை அங்குலம் என்று சொன்னால் போதும், அது பள்ளத்தின் வளைவளவு, வழக்கமானது. கூர் இருக்கிறதா என்று பார்க்க விரல் நகத்தை விளிம்புக்குக் குறுக்காக மெல்ல இழுத்துப் பாருங்கள், நகத்தில் சிறு தூள் சுரண்டப்பட வேண்டும். மழுங்கிய ஸ்கேட்டில் பழகுவது கஷ்டம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. பக்கவாட்டில் உதைக்கும்போது கால் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும்.

நாங்கள் பழகிய இடம் ஸ்காபரோ நகர நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அல்பேர்ட் காம்பெல் சதுக்கம். ரேமண்ட் மோரியாமா வடிவமைத்து 1973-இல் திறக்கப்பட்ட ஸ்காபரோ நகர மண்டபத்தின் வாசலிலேயே இருக்கிறது. வெள்ளைப் படிகள்போல் அடுக்கடுக்காக உயரும் அந்தக் கட்டிடம் காற்றைக் கொஞ்சம் தடுக்கும். முன்பு ஸ்காபரோ ரயிலில் வந்து இறங்கினால் இரண்டு நிமிட நடை. 2023 ஜூலையில் பெட்டி தடம்புரண்டு அந்தப் பாதை மூடப்பட்டபின் கெனடி நிலையத்திலிருந்து பஸ்ஸில்தான் வரவேண்டும். அதற்காக விட்டுவிடாதீர்கள். வார நாளில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஆள் நடமாட்டம் குறைவு, பழகுகிறவருக்கு அதுதான் பொன்னான நேரம். ஸ்காபரோவில் திறந்தவெளிச் செயற்கைத் தளங்கள் மிகக் குறைவு. பழைய நகரப்பகுதியில் சில தெருக்களுக்கு ஒன்று என்று இருப்பதைப் பார்க்கும்போது இந்தப் பாகுபாடு எனக்கு உறுத்துகிறது. லோரன்ஸ் வீதியில் மக்கிரெகர் பூங்காவிலும் ஒன்று உண்டு. இருப்பவற்றில் கூட்டம் நிறைந்தால்தான் இன்னும் வேண்டும் என்று நகரசபை உறுப்பினரிடம் கேட்க எங்களுக்கு வாய் வரும்.

முதல் நாள் செய்யவேண்டியது ஸ்கேட்டிங் அல்ல. உடைமாற்றும் அறையின் ரப்பர் விரிப்பில் ஸ்கேட்டோடு நின்று, நடந்து, குந்தி எழும்பிப் பழகுங்கள். அங்கே சமநிலை வந்துவிட்டால் ஐஸில் பாதி வேலை முடிந்தது. பிறகு ஐஸில் இறங்கி, குதிகள் நெருங்கி விரல்கள் வெளியே பார்க்கும்படி பாதங்களை வைத்து, சிறு சிறு அடியாகக் காலைத் தூக்கி வையுங்கள். இரண்டு மூன்று அடி வைத்தபின் இரு காலையும் சேர்த்து நின்றால் தானாகவே சற்றுத் தூரம் வழுக்கிச் செல்லும். அந்தச் சறுக்கல் பழகிவிட்டால் பயம் குறைந்துவிடும். முழங்கால் எப்போதும் மடங்கியிருக்கட்டும். கை இரண்டும் இடுப்பளவில் முன்னால், கண் பாதத்தில் அல்ல, போகப்போகும் இடத்தில். என் மகள் எனக்கு முன்னே பழகிவிட்டாள். "அம்மா, மடக்குங்கள், இன்னும் மடக்குங்கள்" என்று அவள் எனக்குப் பின்னால் கத்திக்கொண்டே வருவாள். அவள் சொன்னது முழுக்கச் சரி. நேராக நிமிர்ந்து நிற்கிறவர்தான் பின்பக்கமாக விழுவார்.

விழுவதையும் பழகவேண்டும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் உடனே குந்தி, பக்கவாட்டில் தொடைமேல் சரியவேண்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு உடையும். விழுந்தவுடன் விரல்களைப் பொத்திக்கொள்ளுங்கள், பக்கத்தில் போகிறவரின் அலகு விரல்மேல் ஏறாமல் இருக்க. எழும்பும்போது முதலில் முழங்காலில் நின்று, ஒரு பாதத்தை முன்னே ஊன்றி, இரு கையையும் அந்த முழங்கால்மேல் வைத்து அழுத்தி எழும்பவேண்டும். ஐஸைப் பிடித்து எழும்ப முயன்றால் மீண்டும் வழுக்கும். நிற்பதற்கு, இரு பாதத்தின் விரல்களையும் உள்ளே திருப்பிக் குதிகளை வெளியே தள்ளினால் அலகுகள் ஐஸைச் சுரண்டி வேகம் குறையும். தடுப்பில் மோதி நிற்பதை வழக்கமாக்கிவிடாதீர்கள்.

ஹெல்மெட்டைப்பற்றிப் பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள். பிள்ளைகளுக்கு இறுகக் கட்டிவிட்டுத் தாங்கள் கம்பளித் தொப்பியோடு வருவார்கள். உயரத்திலிருந்து விழுகிறவர்கள் நாங்கள்தானே. பின்மண்டையை மூடும் ஹொக்கி ஹெல்மெட் வேண்டும், சி.எஸ்.ஏ. எனப்படும் கனடியத் தரநிர்ணய அமைப்பின் முத்திரை இருக்கவேண்டும். சைக்கிள் ஹெல்மெட் பின்மண்டையை அந்த அளவுக்கு மூடாது. கையுறை எவ்வளவு இளவெயில் அடித்தாலும் கழற்றக்கூடாது. அது குளிருக்காக மட்டுமல்ல, அலகிலிருந்து விரலைக் காக்கவும்தான்.

நல்ல ஐஸ் எப்போது கிடைக்கும் என்று தெரிந்துகொண்டால் அலைச்சல் மிச்சம். தளத்துக்கு அடியில் கொங்கிறீற் பலகைக்குள் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றுள் பூச்சியத்துக்குக் கீழே குளிர்விக்கப்பட்ட உப்புநீர் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வெளியே பூச்சியத்துக்கு மேலே சில பாகை ஏறினாலும் ஐஸ் நிற்கிறது. ஐஸுக்குச் சத்துரு வெப்பநிலையைவிட வெயிலும் மழையும்தான். மார்ச் மாத மதியத்தில் நேர்வெயில் படும் தளம் குழம்பிவிடும், அதே தளம் இரவு எட்டு மணிக்குக் கண்ணாடிபோல் இருக்கும். இடையிடையே ஐஸ் சீராக்கும் வண்டி வரும். கலிபோர்னியாவில் ஃபிராங்க் சம்போனி 1949-இல் உருவாக்கிய வண்டியின் பெயரே இன்று எல்லோர் வாயிலும் சம்போனி. அது மேற்பரப்பைச் சீவி, அதன்மேல் சூடான நீரை மெல்லிய படலமாக விடுகிறது. சூடான நீர் பழைய ஐஸைச் சற்று உருக்கி அதனோடு ஒட்டிக்கொள்ளும். வண்டி போனவுடன் நுழைபவருக்குப் புது ஐஸ், ஆனால் அது மிகவும் வழுக்கும். பழகுகிறவர் பத்து நிமிடம் பொறுத்து, மேற்பரப்பு கொஞ்சம் கீறுபட்டபின் இறங்குவது நல்லது.

கால் பழகிவிட்டால் நகரத்தைச் சுற்றிப்பாருங்கள். எனக்கு மிகப் பிடித்தது பென்ற்வே. கார்டினர் அதிவேகப் பாதைக்கு அடியில், பிரமாண்டமான கொங்கிறீற் தூண்களுக்கு இடையே எட்டு வடிவில் 220 மீற்றர் ஓடும் ஐஸ் பாதை, 2018 ஜனவரியில் திறந்தார்கள். மேலே வாகனங்கள் இரைந்துகொண்டிருக்க, கீழே வெயிலும் படாமல் ஸ்கேட் பண்ணலாம். பக்கத்திலேயே 1813-இல் அமெரிக்கப் படைகளோடு சண்டை நடந்த யோர்க் கோட்டை. ஒரு நகரம் வீணாகக் கிடந்த இடத்தைத் தன் மக்களுக்கு இப்படித் திருப்பிக் கொடுப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. வட்டத் தளத்தில் சுற்றிச் சுற்றி அலுத்தவர்களுக்கு இப்படிப் பாதையாக ஓடும் தளங்கள்தான் மருந்து. மேற்கே ஏரிக்கரையில் கேணல் சாமுவேல் சிமித் பூங்காவிலும் எட்டு வடிவப் பாதை உண்டு. கார் இல்லாதவர்கள் லேக்‌ஷோர் வீதி ஸ்ரீட்காரில் கிப்ளிங் சந்தியில் இறங்கலாம். ஏரிக்காற்று கடுமையாக அடிக்கும், முகத்தை மூடிக்கொண்டு போகவேண்டும்.

யங் வீதியில் கொலேஜ் பார்க் கட்டிடத்தின் பின்னால் உள்ள பாதைக்குப் பார்பரா ஆன் ஸ்கொட் பெயரை வைத்திருக்கிறார்கள். 1948-இல் சென் மொரிற்ஸ் ஒலிம்பிக்கில், திறந்தவெளி ஐஸில், கனடாவுக்கு ஃபிகர் ஸ்கேட்டிங் தங்கம் வென்றவர் அவர். இன்று அரங்குக்குள் நடக்கும் போட்டிகளைப் பார்க்கிறவர்களுக்கு, வெயிலும் கீறலும் உள்ள ஐஸில் அவர் ஆடினார் என்பது நம்ப முடியாததாக இருக்கும். கிரீன்வுட் பூங்காவில் கூரை போட்ட தளமும் தனிப் பாதையும் இருப்பதால் மழைநாளுக்கு அது நல்லது. அங்கிருந்து ஜெரார்ட் வீதி இந்தியக் கடைத்தெரு நடை தூரம், பசித்த பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. டஃபரின் குரோவ் பூங்காவில் விறகு அடுப்பும் கூடிப்பேசும் அயலவர்களும் இருப்பார்கள். ஒரு ரிங்க் எப்படி அயலின் முற்றமாக மாறலாம் என்பதை அங்கே பார்க்கலாம். நேத்தன் பிலிப்ஸ் சதுக்கத்துக்கும் இப்போது போங்கள், வார நாள் காலையில். சொந்த ஸ்கேட் இல்லாதவர்களுக்கு அங்கே வாடகைக்குக் கிடைக்கும், அது பெரிய உதவி.

பல பூங்காக்களில் இரண்டு தளங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்று எல்லோருக்கும், மற்றது ஷின்னி ஆட்டத்துக்கு. அணி, நடுவர் எதுவும் இல்லாமல் வந்தவர்கள் சேர்ந்து ஆடும் ஹொக்கி அது. வயதுப்படியும், சில இடங்களில் பெண்களுக்கென்றும் நேரம் பிரித்திருப்பார்கள். ஒரே தளம்தான் என்றால் சில மணி நேரம் ஷின்னிக்கும் சில மணி நேரம் பொதுவுக்குமாக மாறும். ஆகவே வீட்டைவிட்டு இறங்குமுன் மாநகரசபை இணையத்தளத்தில் அந்த ரிங்கின் நேர அட்டவணையையும் அன்று திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இதைப் பார்க்காமல் பிள்ளைகளோடு போய்த் திரும்பிய குடும்பங்களை அடிக்கடி சந்தித்திருக்கிறேன். பொதுநேரத்தில் எல்லோரும் ஒரே திசையில் போவார்கள். எதிர்த்துப் போகாதீர்கள், நடுவில் நின்று பேசாதீர்கள், இளைப்பாற வேண்டுமானால் ஓரத்துக்கு வாருங்கள்.

உடுப்பில் ஒரு சொல்: ஜீன்ஸ் வேண்டாம். ஒருமுறை விழுந்தால் நனைந்து, பிறகு விறைத்துவிடும். உள்ளே ஒட்டிய கம்பளி அல்லது செயற்கை நூல் உடை, மேலே காற்றுத்தடுப்பு, அவ்வளவே. மிகப் பருத்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு கை அசைக்க முடியாது. பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகி அதைக் கழற்றத் தோன்றும். காதுமடல், மூக்குநுனி, கன்னம் வெளுத்து உணர்விழந்தால் உடனே உள்ளே போய்ச் சூடாக்கவேண்டும். அது உறைபனிக் கடியின், அதாவது குளிரில் தோல் உறைந்து கெடுவதன், தொடக்கம். தேய்க்கக்கூடாது, கையால் பொத்தினால் போதும். நாங்கள் போத்தலில் இஞ்சி போட்ட தேநீரும், வரும் வழியில் கடையில் வாங்கிய மட்டன் ரோல்ஸும் கொண்டுபோவோம். ஸ்கேட்டைக் கழற்றியபின் சாப்பிடும் ரோல்ஸின் ருசி வேறு.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம். வீட்டுத்தொகுதிகளுக்குப் பின்னால் இருக்கும் மழைநீர்க் குளங்களில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். மேலே வெள்ளையாக உறைந்து தெரிந்தாலும் அடியில் நீர் ஓடிக்கொண்டும் மட்டம் ஏறி இறங்கிக்கொண்டும் இருக்கும். வீதி உப்பு கலந்த நீர் சீராக உறையாது. ஒரு மூலையில் ஆள் நிற்கும் தடிப்பு, மறுமூலையில் தோல்போல மெல்லியது. அறிவிப்புப் பலகை சும்மா வைக்கப்படவில்லை. இலவசமாகப் பாதுகாப்பான தளம் இருக்கும் ஊரில் அந்த ஆபத்தை எடுக்கத் தேவையே இல்லை.

ஐஸைவிட்டு வெளியே வந்ததும் அலகைத் துணியால் துடையுங்கள். நடப்பதற்குப் போடும் கடின உறையை அப்படியே மாட்டி வைத்தால் உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும், வீட்டில் துணி உறைதான் போடவேண்டும். பருவம் முடிந்து மூட்டைகட்டுமுன் ஒருமுறை தீட்டி, மெல்ல எண்ணெய் பூசி வைத்தால் அடுத்த நவம்பரில் அவசரப்படத் தேவையில்லை. வெளித்தளங்கள் மூடியபின்னும் சில உள்ளரங்குகளில் பொதுநேரம் தொடரும், பழகியது மறக்காமலிருக்க அது உதவும். வளர்ந்தவர்களுக்கென மாநகரசபை நடத்தும் ஆரம்ப வகுப்புகளுக்குப் பதிவு தொடங்கும் காலையில் இடங்கள் வேகமாக நிரம்பிவிடும். திகதியை முன்பே குறித்துவைத்து, விடியற்காலையிலேயே கணினியின் முன் உட்காருங்கள்.